இந்த ஊசி எதுக்குங்க?

அன்னூர்ப் பக்கத்துக் கிராமங்களில் ஒருவர் ஆஸ்பத்திரியிலிருந்து வீடு திரும்பிவிட்டால், அன்று சாயங்காலமே சொந்தபந்தம் வாசலில் கூடிவிடும். ஹார்லிக்ஸ் பாட்டிலும் பழமுமாக வருகிறவர்கள் கேட்பது பெரும்பாலும் ஒன்றுதான்: “ஆஸ்பத்திரியில எப்படிப் பாத்துக்கிட்டாங்க?” பதிலில் தையலின் நேர்த்தி வராது, கொடுத்த ஆன்டிபயாட்டிக்கின் பெயரும் வராது. “ராத்திரி டியூட்டி சிஸ்டர் தங்கமான புள்ளைங்க, கூப்புட்ட ஒடனே வந்து என்னன்னு கேப்பாங்க” என்று வரும். இல்லாவிட்டால், “ஒரு வார்த்தை கேட்டா எரிஞ்சு விழுந்தாங்க, இனிமே அந்தப் பக்கமே தலைவெச்சுப் படுக்கமாட்டோம்” என்று வரும்.

படித்தவர்கள் சிலர் இதை அறியாமை என்பார்கள். வைத்தியத்தை விட்டுவிட்டு வாய்ப்பேச்சை எடைபோடுகிறார்களே என்பார்கள். மருத்துவ ஆய்வுகளோ கடந்த அறுபது ஆண்டுகளாக வாசலில் கூடிய அந்தச் சனங்களின் பக்கம்தான் நிற்கின்றன. நர்ஸ் நோயாளியிடம் பேசுவது சிகிச்சைக்கு மேலே தூவும் மரியாதை அல்ல. அதுவும் சிகிச்சையின் ஒரு பகுதி. வலி, பயம், மருந்தை ஒழுங்காகச் சாப்பிடுவது, திரும்பவும் அட்மிட் ஆவது என எல்லாவற்றையும் அது தொடுகிறது. இந்த அத்தியாயம் அதன் கணக்கைப் பார்க்கிறது.

நோயாளிக்கு எது தெரியும்?

அறுவை சிகிச்சை நடக்கும்போது நோயாளி மயக்கத்தில் இருக்கிறார். ரத்தப் பரிசோதனை சரியாகச் செய்யப்பட்டதா என்று அவரால் சொல்ல முடியாது. டாக்டர் ரவுண்ட்ஸ் வந்து படுக்கைக்குப் பக்கத்தில் நிற்பது சில நிமிடங்கள். மிச்ச நேரமெல்லாம் அவருக்கு ஆஸ்பத்திரி என்றால் நர்ஸ்தான். காய்ச்சல் பார்ப்பவர், டிரிப்ஸ் மாற்றுபவர், ஊசி போடுபவர், நடுராத்திரியில் வலி என்றால் முதலில் வந்து நிற்பவர் எல்லாம் அவர்தான். உள்ளே நடக்கும் பெரிய ஏற்பாடு ஒழுங்காக ஓடுகிறதா என்பதை அறிய நோயாளிக்குத் திறந்திருக்கும் ஒரே வாசல் நர்ஸின் வார்த்தை.

அமெரிக்காவில் ‘எச்-கேப்ஸ்’ என்ற பெயரில் ஓர் ஆய்வு 2006-லிருந்து நடந்துவருகிறது. வீடு திரும்பிய நோயாளிகளிடம் ஒரே மாதிரியான கேள்விகளைக் கேட்டு, ஒவ்வொரு மருத்துவமனையின் மதிப்பெண்ணையும் 2008 முதல் பொதுவில் வெளியிடுகிறார்கள். அதில் நர்ஸ் பேசுவதைப் பற்றி மூன்று கேள்விகள் உண்டு. உங்களை எத்தனை முறை மரியாதையாக நடத்தினார்கள்? எத்தனை முறை நீங்கள் சொன்னதைக் கவனமாகக் கேட்டார்கள்? எத்தனை முறை உங்களுக்குப் புரியும்படி விளக்கினார்கள்? டாக்டர்களின் பேச்சு, அறையின் சுத்தம், இரவின் அமைதி என்று மற்றக் கேள்விகளும் இருக்கின்றன. ஆனால் ‘மொத்தத்தில் இந்த மருத்துவமனைக்கு எத்தனை மார்க்?’ என்ற கேள்வியின் பதிலோடு மிக நெருக்கமாக ஒட்டிவருவது நர்ஸ் பற்றிய மூன்று பதில்களே என்று அந்தத் தரவுகளை அலசிய ஆய்வுகள் திரும்பத் திரும்பச் சொல்கின்றன.

இந்தியாவிலும் மத்திய சுகாதார அமைச்சகம் 2016-ல் ‘மேரா அஸ்பதால்’ என்ற ஏற்பாட்டைத் தொடங்கியது. சிகிச்சை பெற்றவரின் செல்போனுக்கு அழைப்போ குறுஞ்செய்தியோ போகும். திருப்தி இல்லை என்றால் காரணத்தைச் சொல்லலாம். பணியாளர் நடந்துகொண்ட விதம், சுத்தம், செலவு, சிகிச்சையின் தரம் என்று அந்தக் காரணங்கள் வகைப்படுத்தப்பட்டிருக்கின்றன.

இங்கே ஒரு சிக்கல் உண்டு. அரசு ஆஸ்பத்திரி வார்டில் ஒரு பெரியவரிடம் “திருப்தியா இருக்குங்களா?” என்று கேட்டால், “நல்லாத்தான் பாத்துக்கறாங்க சாமி” என்று கும்பிடுவார். காசில்லாமல் வைத்தியம் கிடைக்கிறதே என்ற நன்றி அதில் இருக்கிறது. குறை சொன்னால் நாளைக்குக் கவனிக்கமாட்டார்களோ என்ற பயமும் இருக்கிறது. எதிர்பார்ப்பு குறைவாக இருக்கும் இடத்தில் திருப்தி சுலபமாகக் கிடைத்துவிடும். அதனால்தான் நல்ல ஆய்வுகள் “திருப்தியா?” என்று கேட்பதோடு நிற்பதில்லை. “புது மருந்து கொடுக்கும் முன் அது எதற்கென்று சொன்னார்களா?” என்று, நடந்ததா நடக்கவில்லையா என்பதைக் கேட்கின்றன. முதல் கேள்விக்குக் கும்பிடுகிற அதே பெரியவர், இரண்டாவது கேள்விக்கு, “அதெல்லாம் நமக்கெங்க சொல்றாங்க” என்று உள்ளதைச் சொல்லிவிடுவார்.

வார்த்தை வலியைத் தொடும் விதம்

1964-ல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் பொது மருத்துவமனையில் மயக்க மருந்து நிபுணர் லாரன்ஸ் எக்பர்ட்டும் அவரது குழுவும், வயிற்று அறுவை சிகிச்சைக்கு வந்த 97 பேரை இரண்டு பிரிவாகப் பிரித்தார்கள். ஒரு பிரிவுக்கு வழக்கமான கவனிப்பு. மற்றப் பிரிவினரிடம் முன்கூட்டியே உட்கார்ந்து பேசினார்கள். விழித்தெழுந்தபின் எந்த இடத்தில் வலிக்கும், தசை இறுகுவதால் அந்த வலி எப்படிக் கூடும், இறுக்கத்தைத் தளர்த்த எப்படி மூச்சு விடவேண்டும், எப்படித் திரும்பிப் படுக்கவேண்டும் என்று சொல்லிக்கொடுத்தார்கள். பேச்சு கேட்டவர்களுக்குத் தேவைப்பட்ட வலிமருந்து மற்றவர்களுக்குத் தேவைப்பட்டதில் ஏறக்குறையப் பாதிதான். யார் எந்தப் பிரிவு என்று தெரியாத அறுவை சிகிச்சை டாக்டர்கள், அவர்களைச் சராசரியாக 2.7 நாள் முன்னதாகவே வீட்டுக்கு அனுப்பிவைத்தார்கள்.

இதற்கு உடலியல் காரணம் உண்டு. வலி என்பது காயத்திலிருந்து மூளைக்குப் போகும் வெறும் செய்தி அல்ல. வரும் செய்திக்கு எவ்வளவு முக்கியத்துவம் கொடுப்பது என்று மூளையும் முதுகுத்தண்டும் சேர்ந்து முடிவு செய்கின்றன. என்ன நடக்கிறதென்று தெரியாதபோது உடல் ஆபத்து நிலைக்குப் போகிறது. தசை இறுகுகிறது, இதயம் வேகமாகத் துடிக்கிறது, கவனம் முழுக்க வலிக்கும் இடத்திலேயே குவிகிறது. ‘இது எதிர்பார்த்ததுதான், இவ்வளவு நேரத்தில் அடங்கும்’ என்று தெரிந்தால் அந்த எச்சரிக்கை தணிகிறது.

அப்படியானால் என்ன சொல்லவேண்டும்? நர்ஸாக இருந்து ஆய்வாளரான ஜீன் ஜான்சன் 1970-களில் இந்தக் கேள்வியைப் பிடித்துக்கொண்டார். எலும்பு முறிவுக்குப் போட்ட மாவுக்கட்டைப் பிரிக்க வந்த 6 முதல் 11 வயதுக் குழந்தைகளிடம் அவரும் அவரது சக ஆய்வாளர்களும் 1975-ல் ஒரு சோதனை நடத்தினார்கள். சில குழந்தைகளிடம் செய்முறையை மட்டும் சொன்னார்கள். சில குழந்தைகளுக்குக் கட்டை அறுக்கும் ரம்பத்தின் சத்தத்தையே போட்டுக்காட்டி, கை எப்படி உணரும், எவ்வளவு சூடு தெரியும், பொடி எப்படிப் பறக்கும் என்றெல்லாம் விவரித்தார்கள். இரண்டாவது வகைக் குழந்தைகளே குறைவாக மிரண்டார்கள். உடம்புக்கு என்ன தெரியப்போகிறது என்று சொல்வதுதான் அதிகம் உதவுகிறது. “ஊசி போடப்போறேன்” என்பதைவிட, “மருந்து ஏறும்போது கை கொஞ்சம் சில்லுன்னு இருக்கும், ஒரு நிமிசத்துல சரியாயிரும்ங்க” என்பது நல்ல மருத்துவம்.

அதே சமயம் பயமுறுத்தும் வார்த்தை எதிர்த்திசையில் வேலை செய்கிறது. எல்விரா லாங் தலைமையிலான குழு 2005-ல் வெளியிட்ட ஆய்வு ஒன்று, ரத்தக்குழாய்க்குள் குழாய் செலுத்துவது போன்ற சிகிச்சைகளின்போது பேசப்பட்ட பேச்சைப் பதிவுசெய்து அலசியது. “இப்ப வலிக்கும், தாங்கிக்கணும்” என்ற வகையில் முன்னெச்சரிக்கை கொடுத்தபோது நோயாளிகள் கூடுதல் வலியையும் கூடுதல் பதற்றத்தையும் சொன்னார்கள். உண்மையை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் எந்த வார்த்தையில் அதைச் சொல்கிறோம் என்பதில், மருந்தின் அளவில் காட்டும் அதே கவனம் வேண்டும்.

வீட்டு வாசல் வரை போகும் பேச்சு

டிஸ்சார்ஜ் ஆகிற நாளை நினைத்துப் பாருங்கள். பில் கட்ட ஒருவர் ஓடுகிறார், வண்டி பிடிக்க ஒருவர் போகிறார். நோயாளியின் கையில் ஒரு சீட்டும் மூன்று நான்கு வகை மாத்திரைகளும் திணிக்கப்படுகின்றன. “காலைல ரெண்டு, ராத்திரி ஒன்னு, இது சாப்பாட்டுக்கு முன்னாடி, அது பின்னாடி, பத்து நாள் கழிச்சு வாங்க.” எல்லாரும் தலையாட்டுகிறார்கள். கோவையிலிருந்து சத்தி ரோட்டில் பஸ் அன்னூர் வருவதற்குள் அதில் எவ்வளவு மிஞ்சும்?

பிரிட்டிஷ் உளவியலாளர் பிலிப் லே தன் வாழ்நாள் ஆய்வாகவே இதை எடுத்துக்கொண்டார். நோயாளி சொன்னதைப் புரிந்துகொண்டால், புரிந்ததை நினைவில் வைத்திருந்தால், அவருக்குத் திருப்தி கூடுகிறது. திருப்தி கூடினால் சொன்னபடி மருந்து சாப்பிடுகிறார் என்று அவர் ஒரு சங்கிலியை வரைந்துகாட்டினார். அந்தச் சங்கிலியின் முதல் கண்ணிகளே பலவீனமானவை. மருத்துவர்கள் சொல்லும் விவரங்களில் 40 முதல் 80 விழுக்காடு வரை உடனே மறந்துபோகின்றன என்றும், நினைவிருப்பதாக நம்புவதிலும் பாதிக்குப் பாதி தவறாக இருக்கிறது என்றும், 2003-ல் ராய் கெஸல்ஸ் எழுதிய மதிப்பாய்வுக் கட்டுரை எடுத்துக்காட்டுகிறது.

இதற்கு எளிய மருந்து ஒன்று இருக்கிறது. “புரிஞ்சுதுங்களா?” என்று கேட்டால் எல்லாரும் “புரிஞ்சுதுங்க” என்றுதான் சொல்வார்கள். அதற்குப் பதில், “நான் சரியாச் சொன்னேனான்னு பாக்கணும்ங்கம்மா, ஊட்டுக்குப் போயி எந்த மாத்திரைய எப்பச் சாப்புடுவீங்கன்னு எனக்கு ஒருக்காச் சொல்லுங்க” என்று கேட்கவேண்டும். தவறு வந்தால் அது நோயாளியின் தவறல்ல, சொன்ன விதத்தின் தவறு என்று வைத்துக்கொண்டு மறுபடி சொல்லவேண்டும். சொன்னதைத் திருப்பிச் சொல்ல வைக்கும் இந்த முறை இன்று உலகெங்கும் பரிந்துரைக்கப்படுகிறது. அதற்கு ஆகும் நேரம் ஓரிரு நிமிடங்கள்.

நம் ஊரில் இந்தப் பேச்சில் மூன்றாவது ஆள் ஒருவர் எப்போதும் உண்டு. துணைக்கு இருக்கும் மகள், மருமகள், தம்பி. மேலைநாட்டு ஆய்வுகளில் அதிகம் வராத இவர்தான் வீட்டில் உண்மையான நர்ஸ். கர்நாடகத்தில் நாராயணா மருத்துவமனைகளில் தொடங்கிய நூரா ஹெல்த் அமைப்பின் பயிற்சித் திட்டம், வார்டில் சும்மா காத்திருக்கும் இந்தத் துணையாட்களையே வகுப்பாக உட்கார வைத்தது. புண்ணைச் சுத்தம் செய்வது, கை கழுவுவது, எந்த அறிகுறி வந்தால் உடனே வரவேண்டும் என்பதையெல்லாம் நர்சுகளே அவர்களுக்குக் கற்றுத்தருகிறார்கள். இப்போது அது பல மாநில அரசு மருத்துவமனைகளுக்கும் போயிருக்கிறது.

பிரசவ அறையில்

வார்த்தை ஆழமாகக் காயப்படுத்தும் இடமும் ஆழமாக ஆற்றும் இடமும் பிரசவ அறைதான். அங்கே கேட்ட ஏச்சு, பெற்றவளுக்குப் பேரன் பேத்தி எடுத்தபின்னும் மறப்பதில்லை. நம் அம்மாக்களிடம் கேட்டாலே தெரியும்.

தமிழ்நாடு இந்த இடத்தில் நாட்டுக்கே முன்னால் நடந்தது. 2004-ல், அரசு மருத்துவமனைகளில் பிரசவிக்கும் பெண்ணோடு அவளுக்கு வேண்டிய பெண் ஒருவர் உடனிருக்கலாம் என்ற திட்டத்தை அது கொண்டுவந்தது. ஆரம்ப சுகாதார நிலையங்களில் மூன்று நர்சுகள் மாறி மாறி நின்று 24 மணி நேரமும் பிரசவம் பார்க்கும் முறையையும் வளர்த்தது. பிரசவ நேரத்தில் ஒருவர் இடைவிடாமல் கூடவே இருந்து ஆதரவு தருவதால் என்ன பயன் என்று 2017-ல் காக்ரேன் மதிப்பாய்வு ஒன்று 26 சோதனைகளைத் தொகுத்துப் பார்த்தது. அவற்றில் பங்கேற்றவர்கள் 15,858 பெண்கள். ஆதரவு கிடைத்தவர்களுக்கு வலி நேரம் குறைந்திருந்தது, சிசேரியன் குறைந்திருந்தது, ‘மோசமான அனுபவம்’ என்று சொன்னவர்களும் குறைந்திருந்தார்கள். அதே 2017-ல் மத்திய அரசு தொடங்கிய ‘லக்ஷ்யா’ திட்டம், மரியாதையான மகப்பேறு கவனிப்பைப் பிரசவ அறையின் தர அளவுகோல்களில் ஒன்றாகவே சேர்த்தது.

நேரத்தின் கணக்கு

“பேச எங்கே நேரம்?” என்று எந்த சிஸ்டரும் கேட்பார். நியாயமான கேள்வி. இதற்கு இரண்டு பதில்கள் உண்டு.

முதல் பதில், சில பழக்கங்கள் நேரத்தைத் தின்பதில்லை. அமெரிக்காவில் கேன்சஸ் பல்கலைக்கழக மருத்துவமனையில் முதுகெலும்பு அறுவை சிகிச்சை முடிந்த 120 பேரிடம் ஒரு சோதனை நடந்தது; 2012-ல் அது வெளியானது. மருத்துவர் சிலரிடம் நின்றுகொண்டும் சிலரிடம் உட்கார்ந்தும் பேசினார். இரண்டிலும் செலவான நேரத்தில் பெரிய வித்தியாசம் இல்லை. ஆனால் உட்கார்ந்து பேசியபோது அவர் நீண்ட நேரம் இருந்ததாக நோயாளிகள் நினைத்தார்கள். 2006-ல் வெளியான இன்னோர் ஆய்வு, 14 மருத்துவமனைகளின் 27 வார்டுகளில், நர்சுகள் குறித்த இடைவெளியில் தாங்களாகவே படுக்கை படுக்கையாகப் போய் வலி, கழிப்பறைத் தேவை, படுத்திருக்கும் வசதி ஆகியவற்றை விசாரிக்கும்படி செய்தது. நோயாளிகள் மணியடித்துக் கூப்பிடுவது குறைந்தது, திருப்தி கூடியது; மணிக்கொருமுறை விசாரித்த வார்டுகளில் கீழே விழுவதும் குறைந்தது. கூப்பிடும் முன்பே போனதால் ஓட்டமும் மிச்சமானது.

இரண்டாவது பதில் கடுமையானது. ஆள் இல்லாமல் பேச்சு வராது. ஐரோப்பாவின் 12 நாடுகளில் 488 மருத்துவமனைகளின் 33,659 நர்சுகளிடம், கடைசி ஷிஃப்டில் நேரமில்லாமல் எந்த வேலையை விட்டீர்கள் என்று கேட்டார்கள். 2014-ல் வெளியான முடிவில் முதலிடம் பிடித்தது, நோயாளியிடம் பேசுவதும் தேற்றுவதும். 53 விழுக்காட்டினர் அதைத்தான் விட்டதாகச் சொன்னார்கள். 41 விழுக்காட்டினரால் நோயாளிக்கும் குடும்பத்துக்கும் சொல்லித்தர வேண்டியதைச் சொல்லித்தர முடியவில்லை. ஊசியை விட்டால் கேள்வி வரும், ரிஜிஸ்டரில் எழுதாவிட்டால் மெமோ வரும். பேசாமல் விட்டால் எந்த ஏட்டிலும் பதியாது. அதனால் பளு கூடும்போது முதலில் கழிவது பேச்சுதான்.

அதே ஆண்டு, லிண்டா அய்க்கென் குழு ‘லான்செட்’ இதழில் ஒன்பது ஐரோப்பிய நாடுகளின் கணக்கை வெளியிட்டது. ஒரு நர்ஸ் பார்க்கவேண்டிய நோயாளிகளில் ஒருவர் கூடுவது, அறுவை சிகிச்சைக்கு வந்தவர் 30 நாளுக்குள் இறக்கும் வாய்ப்பு 7 விழுக்காடு கூடுவதோடு தொடர்புபட்டிருந்தது. முப்பது, நாற்பது படுக்கை உள்ள வார்டில் இரவு ஒரே ஒரு சிஸ்டர் நிற்பதை நம் ஊர்களில் சாதாரணமாகப் பார்க்கலாம். 2017 நவம்பரில் தமிழ்நாட்டின் ஒப்பந்த நர்சுகள் பணி நிரந்தரமும் நியாயமான சம்பளமும் கேட்டு சென்னை டி.எம்.எஸ். (மருத்துவப் பணிகள் இயக்ககம்) வளாகத்தில் திரண்டார்கள். அதைச் சம்பளப் பிரச்சினை என்று மட்டும் பார்த்துவிட முடியாது. நாளைக்கு வேலை இருக்குமா என்று தெரியாமல் நிற்பவரிடம், எதிரே படுத்திருப்பவரின் பயத்தைக் கேட்கும் மனம் மிஞ்சவேண்டும் என்று எதிர்பார்க்கிறோம்.

பேச்சுக்கென்று ஆளையும் நேரத்தையும் ஒதுக்கினால் என்ன நடக்கும் என்பதற்கு உதாரணம் தேட வெளிநாடு போகவேண்டாம். டாக்டர் கோ. வெங்கடசாமி 1976-ல் மதுரையில் 11 படுக்கைகளோடு தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனை, கிராமத்துப் பெண்களைப் பள்ளிப் படிப்பு முடிந்ததும் சேர்த்துப் பயிற்சி கொடுத்துக் கண் சிகிச்சைப் பணியாளர்களாக்குகிறது. அவர்களில் ஒரு பகுதியினரின் வேலையே நோயாளிக்கு விளக்குவதுதான். கண்புரை என்றால் என்ன, அறுவை சிகிச்சையில் என்ன நடக்கும், எவ்வளவு செலவாகும், சொட்டு மருந்து எப்படிப் போடவேண்டும் என்று அவர்கள் உட்கார்ந்து பேசுகிறார்கள். கோவை அவினாசி ரோட்டில் இருக்கும் அரவிந்திலும் இதே முறைதான். நோயாளி பேசும் மொழியிலேயே, அவர் ஊர்ப்பக்கத்துப் பெண்ணே பேசுவதால் கேள்வி கேட்கக் கூச்சம் வருவதில்லை.

அன்னூர் பக்கத்து மில்களுக்கு ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்த தொழிலாளிகளுக்கு இந்த வசதி கிடைப்பது அரிது. காய்ச்சலில் படுத்திருக்கும் இளைஞனுக்காகப் பக்கத்துப் படுக்கைக்காரர் அரைகுறையாக மொழிபெயர்ப்பதை வைத்து மருந்து கொடுப்பது ஆபத்து. நூறு வாக்கியங்களை அவர்கள் மொழியில் அச்சடித்து வார்டில் வைப்பதுகூட ஒரு தொடக்கம்.

திருப்தி மட்டும் போதுமா?

ஓர் எச்சரிக்கையைச் சொல்லாமல் இந்த அத்தியாயத்தை முடிக்கக்கூடாது. திருப்தியான நோயாளி நல்ல சிகிச்சை பெற்றவர்தான் என்று சொல்லிவிட முடியாது. 2012-ல் ஜோஷுவா ஃபென்டன் குழு 50,000-க்கும் மேற்பட்ட அமெரிக்கர்களின் தரவுகளைப் பார்த்தது. மிக அதிகத் திருப்தி சொன்ன பிரிவினரிடம் செலவும் கூடுதல், இறப்பு விகிதமும் 26 விழுக்காடு கூடுதல். கேட்ட மருந்தையெல்லாம் எழுதிக்கொடுத்தால் திருப்தி கூடும் என்பதும் ஒரு விளக்கமாக இருக்கலாம். காய்ச்சலுக்கு ‘ஒரு ஊசி போட்டாத்தான் ஆகும்’ என்று நம் ஊரில் கேட்டு வாங்குவதில்லையா? ஆனால் மறு ஆண்டே 55 ஆய்வுகளைத் தொகுத்த கேத்தல் டாயல் குழு, நோயாளியின் அனுபவம் நன்றாக இருந்த இடங்களில் பாதுகாப்பும் சிகிச்சையின் பலனும் பெரும்பாலும் நன்றாகவே இருந்தன என்று கண்டது.

இரண்டையும் சேர்த்துப் படித்தால் பாடம் தெளிவு. கேட்டதைக் கொடுத்து மகிழ்விப்பதும் கேட்டதற்குப் பதில் சொல்வதும் வேறு வேறு. “இந்தக் காய்ச்சலுக்கு ஊசி வேண்டாம்ங்க, ஏன்னா...” என்று பொறுமையாக விளக்கும் நர்ஸ், ஊசியைப் போட்டு அனுப்புபவரைவிட நல்ல சிகிச்சை தருகிறார். இனிமையாகச் சிரிக்கும் பயிற்சி இதற்குப் போதாது. விளக்கும் அறிவும், விளக்கலாம் என்ற அதிகாரமும், விளக்க நேரமும் வேண்டும்.

இந்தியாவில் பி.எஸ்சி. நர்சிங் படிப்பு 1946-லேயே வேலூர் சி.எம்.சி.யிலும் டெல்லியிலும் தொடங்கிவிட்டது. தகவல்தொடர்பு இன்று பாடத்திட்டத்திலேயே இருக்கிறது. குறை படிப்பில் மட்டும் இல்லை. படித்ததைச் செய்ய வார்டு இடம் தருகிறதா என்பதில்தான் பெரிய குறை. நர்ஸ் சிடுசிடுப்பவர் என்று குறைபடுவது நமக்குச் சுலபம். ஒரு ஷிஃப்டில் அவர் எத்தனை பேரைப் பார்க்கிறார், எத்தனை ரிஜிஸ்டர் எழுதுகிறார் என்று கேட்பதே பயனுள்ள கேள்வி. ஊசி, மருந்து, கட்டு ஆகியவற்றுக்கு நிமிடம் ஒதுக்கிப் பணிப்பட்டியல் போடுகிற நிர்வாகம், விளக்குவதற்கும் நிமிடம் ஒதுக்கி, அதற்கேற்ப ஆள் எடுக்கவேண்டும். அப்போது “இந்த ஊசி எதுக்குங்க?” என்று கேட்கும் எவருக்கும் பதில் கிடைக்கும். அந்தப் பதில் சலுகை அல்ல, நோயாளியின் உரிமை.